புதுப் பழக்கம் ஒட்டவே மாட்டேன் என்கிறதா? கொக்கியை மாற்றிப் பாருங்கள்

ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு சின்ன நடை. அன்றைய செலவை அன்றைக்கே எழுதிவிடுவது. போனை ஹாலிலேயே விட்டுவிட்டுத் தூங்கப் போவது. இந்த மூன்றும் இப்போது என்னிடம் பல் தேய்ப்பது மாதிரி யோசிக்காமல் நடக்கின்றன. உடம்பு, காசு, தூக்கம் மூன்றும் ஓரளவு ஒழுங்காக இருந்தால், ஆபீஸ் டென்ஷன் வீடு வரை வருவதும் வீட்டு டென்ஷன் ஆபீஸ் வரை போவதும் நிறையவே குறைகிறது. இதைப் பார்த்துவிட்டு "உனக்கு மன உறுதி ஜாஸ்தி" என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்புதான் வரும். தட்டில் நாலு பஜ்ஜி இருந்தால் நாலையும் சாப்பிடுகிற ஆள் நான். பழக்கம் ஒட்டியதற்குக் காரணம் வேறு. அதைத்தான் படிப்படியாக எழுதுகிறேன்.

தண்ணீர் நிறையக் குடியுங்கள், காய்கறி சாப்பிடுங்கள், சீக்கிரம் எழுந்திருங்கள் என்கிற பட்டியல் இங்கே கிடையாது. எது நல்லது என்று எல்லாருக்கும் தெரியும். நாலாவது நாளும் அதைச் செய்வது எப்படி என்பதில்தான் சிக்கல்.

படி 1: ஒன்றே ஒன்று

மூன்றையும் ஒரே திங்கட்கிழமையில் தொடங்காதீர்கள். இப்போது எது இல்லாததால் அதிகம் அவதிப்படுகிறீர்களோ அதை மட்டும் எடுங்கள். மாசக் கடைசியில் காசு எங்கே போனது என்று தெரியாமல் முழிப்பவர் செலவுக் கணக்கில் தொடங்கட்டும். காலையில் கண் எரிச்சலோடு எழுபவர் போனில் தொடங்கட்டும். இதற்கு மேல் இந்தப் படியில் சொல்ல ஒன்றுமில்லை.

படி 2: கூச்சப்படும் அளவுக்குச் சின்னதாக

வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தினசரிக் கணக்கில் இருபது நிமிடம் சொச்சம். நல்ல இலக்குதான், ஆனால் அது முதல் வாரத்துக்கு வேண்டாம். முதல் வாரத்துக்குத் தெருமுனை வரை போய்த் திரும்பினால் போதும். செலவுக் கணக்கென்றால் ஒரே வரி: "டீ 15, பஸ் 20, கீரை 20". கூட்டிப் பார்க்கக்கூட வேண்டாம்.

உடம்பு முடியாத நாளில்கூட "சரி, இவ்வளவுதானே" என்று செய்துவிடுகிற அளவில் வையுங்கள். தெருமுனைக்குப் போனவர் பெரும்பாலும் அடுத்த தெருவுக்கும் போய்விட்டுத்தான் வருவார். போகாவிட்டாலும் பரவாயில்லை.

படி 3: கொக்கி

இங்கேதான் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். பெரும்பாலானவர்கள் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான். என்னை அதிக நாள் இழுத்தடித்ததும் இதுதான்.

புதுப் பழக்கத்தைத் தனியாக நிற்க வைத்தால் நிற்காது. நீங்கள் ஏற்கெனவே தினமும் செய்கிற ஒரு வேலையில் அதை மாட்ட வேண்டும். அந்தப் பழைய வேலையைத்தான் நான் கொக்கி என்கிறேன். எதைச் செய்வேன் என்று மட்டும் முடிவு செய்வது ஒன்று. எப்போது, எங்கே செய்வேன் என்றும் முன்கூட்டியே முடிவு செய்வது வேறு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை பீட்டர் கோல்விட்சர் என்கிற ஜெர்மன் உளவியலாளர் பல வருடம் ஆராய்ந்திருக்கிறார். 2002-இல் பிரிட்டனில் மாணவர்களை வைத்து ஒரு சோதனை நடந்தது. உடற்பயிற்சியின் நன்மைகளை மட்டும் படித்தவர்களில் அந்த வாரம் உடற்பயிற்சி செய்தவர்கள் 35 சதவீதம் பேர். அதே நன்மைகளைப் படித்ததோடு, எந்த நாள், எந்த நேரம், எந்த இடம் என்று எழுதியும் கொடுத்தவர்களில் 91 சதவீதம் பேர். வாட்ஸ்அப்பில் வரும் உற்சாகப் பேச்சுகளை நான் கேட்பதை நிறுத்தியது இதைப் படித்த பிறகுதான்.

இதுவரை சுலபம். சிக்கல், எந்தக் கொக்கி என்பதில்.

"சாப்பிட்ட பிறகு நடப்பேன்" என்று வைத்துக்கொள்வோம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த "பிறகு" எப்போது? கடைசி வாய் மோர் சாதம் உள்ளே போன நொடியா, கை கழுவியதுமா, கை துடைத்துக்கொண்டே ஹாலுக்கு வந்து, ஓடிக்கொண்டிருக்கிற சீரியலில் மாமியார் என்ன சொல்கிறாள் என்று நின்று பார்த்து, அப்படியே சோபாவில் உட்கார்ந்த பின்னாலா? உட்கார்ந்துவிட்டால் கதை முடிந்தது. "சாப்பிட்ட பிறகு" என்பது அரை மணி நேரம் நீளமுள்ள ஒரு சமாச்சாரம். அதில் எதையும் மாட்ட முடியாது, வழுக்கிவிடும்.

என் கொக்கி இப்போது இதுதான்: தட்டைக் கழுவி ஸ்டாண்டில் கவிழ்த்ததும். எவர்சில்வர் தட்டு கம்பியில் மோதி "டங்" என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்டதும் பின்வாசல் பக்கம் திரும்பிவிடுவேன், செருப்பு அங்கேதான் கிடக்கும். இடையில் ஹால் வருவதே இல்லை. கொக்கியும் அடுத்த வேலையும் வீட்டில் பக்கத்துப் பக்கத்து இடத்தில் இருப்பது பெரிய வசதி. செருப்பு முன்வாசலில் இருந்தவரை ஹாலைக் கடந்துதான் போக வேண்டியிருந்தது. டிவி என்னைக் கடக்க விடவில்லை.

ஆக, முடிகிற நொடி பளிச்சென்று தெரிகிற வேலைதான் நல்ல கொக்கி. வண்டி ஸ்டாண்டைப் போடுவது, வீட்டுச் சாவியை ஆணியில் மாட்டுவது, டிபன் பாக்ஸ் மூடியை அழுத்துவது, இதெல்லாம் நன்றாக வேலை செய்யும். "ஆபீஸிலிருந்து வந்ததும்", "மனசு கொஞ்சம் லேசானதும்", "வேலையெல்லாம் முடிந்ததும்" இவை வேலை செய்யாது. அதிலும் கடைசியாகச் சொன்னது எந்த வீட்டிலும் வராத நேரம்.

இன்னொன்று: கொக்கி உங்கள் கையால் நடக்கிற வேலையாக இருக்க வேண்டும். காலையில் தினசரி காலண்டரில் தாள் கிழித்ததும் அன்றைக்கு முடிக்க வேண்டிய ஒரு வேலையை எழுதுவது என்று வைத்திருந்தேன். அருமையான யோசனை. என்ன, எங்கள் வீட்டில் அப்பா விடிவதற்கு முன்பே தாளைக் கிழித்து, ராசி பலனையும் படித்து முடித்துவிடுவார். என் கொக்கி அவர் கையில் இருந்தது. அதை இப்போது காபி ஃபில்டருக்கு மாற்றிவிட்டேன். பொடி போட்டு, வெந்நீர் ஊற்றி, மூடியை மூடியதும் எழுத உட்காரலாம். டிகாக்‌ஷன் இறங்க எப்படியும் நேரம் எடுக்கும். (பாலை அடுப்பில் வைத்துவிட்டு எழுத உட்கார வேண்டாம். அது பொங்கத்தான் செய்யும்.)

ஞாயிற்றுக்கிழமையையும் யோசித்துத்தான் கொக்கியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆபீஸ் ஐடி கார்டைக் கழற்றுவதில் மாட்டினால் வாரத்தில் இரண்டு நாள் அறுந்துபோகும். தட்டு கழுவுவதற்கு லீவு கிடையாது.

செலவுக் கணக்குக்கு என் கொக்கி சாவி. சாவியை ஆணியில் மாட்டியதும் பாக்கெட்டில் இருக்கிற பில்லை எல்லாம் வெளியே எடுப்பேன், ஜிபேயில் அன்றைய பட்டியலைப் பார்ப்பேன், எழுதிவிடுவேன். ரொக்கமாகக் கொடுத்த சில்லறைதான் முதலில் மறக்கும். அதை நினைவிருக்கும்போதே முதல் வரியில் எழுதிவிடுவது நல்லது.

இப்போது ஒரு தாளை எடுத்து இந்த வடிவத்தில் எழுதுங்கள்: "நான் ________ செய்து முடித்ததும், ________ இடத்தில், ________ செய்வேன்." மனசுக்குள் சொல்லிக்கொண்டால் போதாதா என்று கேட்காதீர்கள். எழுதும்போதுதான் "பிறகு", "அப்புறம்" மாதிரி வழுக்கும் வார்த்தைகள் கண்ணில் படும்.

படி 4: குறி போட என்ன வாங்குவது?

எதுவும் வாங்க வேண்டாம். பழக்கத்துக்கென்று ஏகப்பட்ட ஆப் இருக்கிறது, சிலவற்றைப் பயன்படுத்தியும் பார்த்தேன். குறி போடப் போனைத் திறந்தால் குறி மட்டும் போட்டுவிட்டு யாரும் மூடுவதில்லை. என் ஓட்டு, மளிகைக் கடையில் கொடுக்கிற மாதக் காலண்டருக்கு. சமையலறைச் சுவரில், நூலில் கட்டிய ஒரு பால்பாயின்ட் பேனாவோடு. நடந்த நாளுக்கு ஒரு சுழி, அவ்வளவுதான். செலவுக்கு 80 பக்க நோட்டு ஒன்று. புது வருடத்துக்கு யாராவது கொடுக்கும் டைரி வேண்டாம். தேதி போட்ட தாளில் ஒரு நாள் காலியாகப் போனால் அந்த வெள்ளைப் பக்கம் நம்மையே முறைக்கும். நோட்டில் அந்தத் தொல்லை இல்லை.

எக்செல்லில் போட்டு மாதா மாதம் வரைபடம் எடுக்கலாமே என்பவர்கள் தாராளமாகச் செய்யுங்கள், ஆனால் மூன்றாவது மாதத்திலிருந்து. முதலில் எழுதுகிற பழக்கம் வரட்டும்.

படி 5: விட்டுப்போன நாள்

21 நாள் செய்தால் எதுவும் பழக்கமாகிவிடும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். இது மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்கிற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன் 1960-இல் எழுதியதிலிருந்து கிளம்பியது. ஆபரேஷனுக்குப் பிறகு நோயாளிகள் தங்கள் புது முகத்துக்குப் பழகக் குறைந்தது 21 நாள் ஆகிறது என்று அவர் கவனித்திருந்தார். அந்தக் "குறைந்தது" வழியில் எங்கேயோ உதிர்ந்துவிட்டது. முகத்துக்குப் பழகுவதும் நடைக்குப் பழகுவதும் ஒன்றா என்றும் யாரும் கேட்கவில்லை.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை வைத்துப் பார்த்தார்கள். ஆளுக்கு ஒரு பழக்கம், 12 வாரம். பழக்கம் தானாக நடக்கிற நிலைக்கு வர ஆன காலம் நடுமதிப்பில் 66 நாள். ஆனால் ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வித்தியாசம் இருந்ததாகக் கணக்கிட்டார்கள். தண்ணீர் குடிப்பது மாதிரியான வேலைகள் சீக்கிரம் ஒட்டின, உடற்பயிற்சிக்கு அதிக நாள் பிடித்தது. அந்த ஆய்வில் எனக்கு உதவிய விஷயம் இன்னொன்று: நடுவில் ஒரு நாள் விட்டதால் பழக்கம் உருவாவதில் சொல்லும்படி பாதிப்பில்லை.

அதனால் 22-ஆம் நாளும் கஷ்டமாக இருந்தால் உங்களிடம் கோளாறு ஒன்றும் இல்லை. கல்யாண வீடு, காய்ச்சல், ஊர்ப் பயணம் என்று ஒரு நாள் விட்டால் விட்டதுதான். மறுநாள் இரண்டு மடங்கு நடந்து ஈடு கட்டுகிற வேலை மட்டும் வேண்டாம். அது அடுத்த நாளையும் சேர்த்துக் கெடுக்கும். ஒரு வாரத்தில் நாலு நாள் சுழி விழவில்லை என்றால் உங்களைத் திட்டிக்கொள்ளாதீர்கள், படி 3-க்குத் திரும்பிப் போய்க் கொக்கியை மாற்றுங்கள்.

போன் பழக்கத்துக்கு மட்டும் தனிக் குறிப்பு

மற்ற இரண்டும் ஒன்றைச் செய்வது. இது ஒன்றைச் செய்யாமல் இருப்பது, அதனால் கொக்கி மட்டும் போதாது. சார்ஜரைப் படுக்கை அறையிலிருந்து எடுத்துவிடுங்கள். ஒயரோடு ஹால் ஸ்விட்ச் போர்டுக்குக் குடி மாறட்டும். பாத்ரூம் போய்விட்டு வந்ததும் போனை அங்கே செருகிவிட்டுப் படுக்கப் போவது என் வழக்கம். அலாரத்துக்குப் பழைய மாதிரி ஒரு டைம்பீஸ் போதும், ஒற்றை பேட்டரி போடுவது. வாங்குவதற்கு முன் காதருகே வைத்துக் கேளுங்கள். டிக் டிக் சத்தம் பலமாக இருந்தால் கடையிலேயே கொடுத்துவிட்டு வேறு கேளுங்கள், ராத்திரி பன்னிரண்டு மணிக்கு அது சுத்தியலாகக் கேட்கும்.

போனை விட்டும் தூக்கம் வரவில்லை என்பவர்கள் சாயங்காலக் காபியைப் பாருங்கள். உடம்பில் ஏறிய கஃபீன் பாதியாகக் குறையவே சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகும். ஐந்து மணிக்குக் குடித்த காபியில் பாதி பத்து மணிக்கும் உள்ளே இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். காபியை விடச் சொல்ல எனக்கு வாய் வராது. நேரத்தை முன்னால் தள்ளலாம்.

பின்சேர்க்கை (கமென்டில் வந்த சிக்கல்கள்)

"எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க அக்கா வருகிறார், நான் தட்டு கழுவுவதில்லை" என்று ஒருவர் கேட்டிருந்தார். மிச்சச் சாப்பாட்டை வைத்து ஃப்ரிட்ஜ் கதவைச் சாத்துவதைக் கொக்கியாக எடுக்கலாம். தன் தட்டையாவது தானே கழுவலாம் என்பது என் சொந்தக் கருத்து, கேட்காமலே சொல்கிறேன். ஹாஸ்டல்காரர்களுக்கு, மெஸ் தொட்டியில் தட்டைப் போடும் நொடி.

நைட் ஷிஃப்ட் பார்ப்பவர்கள் இது தங்களுக்குப் பொருந்துமா என்று கேட்டார்கள். கடிகாரத்தில் மாட்டாமல் வேலையில் மாட்டுவதால் பொருந்தும். காலை ஏழு மணிக்குச் சாப்பிட்டாலும் தட்டு தட்டுதான். ஷிஃப்ட் வாரா வாரம் மாறுபவர்களுக்கு இந்த முறை இன்னும் வசதி.

சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களுக்கு: சாப்பிட்ட பின் நடந்தால் ரத்தச் சர்க்கரை ஏறுவது குறையும், அது நல்லதுதான். ஆனால் உங்கள் மருந்தோடு சேர்ந்து அளவுக்கு மேல் இறங்கவும் வாய்ப்பு உண்டு. தொடங்கும் முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

ஊரில் வயதான அப்பா அம்மா இருக்கிறார்கள், ராத்திரி போன் வந்தால் என்ன செய்வது என்று பலர் கேட்டார்கள். நியாயமான பயம். தொந்தரவு செய்யாதே மோடை இரவு நேரத்துக்குப் போட்டு, அவர்கள் எண்களை மட்டும் விதிவிலக்காக வையுங்கள், ரிங் சத்தத்தை முழுதாக ஏற்றிவிடுங்கள். ஒரு ராத்திரி கதவைச் சாத்திவிட்டு, வீட்டில் யாரையாவது விட்டுக் கூப்பிடச் சொல்லிச் சோதித்துப் பாருங்கள். ஃபேன் சத்தத்தில் கேட்கவில்லை என்றால் போனை அறை வாசலுக்கு வெளியே ஸ்டூல் போட்டு வைக்கலாம். கை எட்டாமல் இருந்தால் சரி.