மேளத்துக்கு முன்னால் ஒரு தாள்: டர்பன் இசைக்கலைஞர்களுக்கு

தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கம் நாதஸ்வரம், தவில், ஆர்க்கெஸ்ட்ரா, தெருக்கூத்து என்று எந்த வேலைக்குப் போனாலும் தகராறு வரும் இடங்கள் நாலைந்துதான். நேரம் இழுக்கும், பணம் "பிறகு பார்த்துக்கலாம்" ஆகும், கரண்ட் அடிக்கும், வெயில் சுருட்டும், காது போகும். (தெருக்கூத்து என்றால் இங்கே இளசுகளுக்குப் புரியாது, சிக்ஸ் ஃபுட் டான்ஸ் என்று சொல்லுங்கள்.) இதில் முக்கால்வாசியை அட்வான்ஸ் வாங்குகிற அன்றே ஓர் ஒப்பந்தத் தாளில் முடித்துவிடலாம். சங்கம் என்று ஒன்று இருந்தால் அது முதலில் செய்ய வேண்டியதும் இதுதான்: எல்லாக் குழுக்களும் ஒரே தாளை நீட்டுவது. ஒருவர் நீட்டினால் "இவன் ரொம்பப் பேசறான்" என்பார்கள். பத்துப் பேர் நீட்டினால் அது வழக்கமாகிவிடும்.

தாளில் என்ன இருக்க வேண்டும்

தாளை ஆங்கிலத்தில் எழுதி, தமிழில் படித்துக் காட்டுங்கள். நாளை வழக்கென்று போனால் அங்கே ஆங்கிலம்தான். வாட்ஸாப்பில் "ஓகே அண்ணா" என்று வந்த பதிலும் சாட்சிதான், அதை அழிக்காதீர்கள்.

முதல் வரியில் பணம் தருபவரின் முழுப் பெயர் வரட்டும். "கோயில் கமிட்டி" என்று எழுதினால் நாளைக்கு யார்மேல் கேஸ் போடுவது? கமிட்டி இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாறும். போன தலைவர் புதுத் தலைவரைக் காட்டுவார், புதியவர் பழையவரைக் காட்டுவார். கோயில் பதிவாகியிருக்கும் பெயர் எது, கையெழுத்துப் போடுபவர் அதில் யார் என்று கேட்டு எழுதுங்கள்.

அடுத்து, வாசிக்கிற ஒவ்வொருவரின் பெயரும் அவர் பங்குத் தொகையும் தனித்தனியாக வர வேண்டும். "குழுவுக்கு மொத்தம் இவ்வளவு" என்று மட்டும் எழுதுவது பெரிய பிழை. ஏன் என்று கீழே, பணம் வராத கதைக்கு வரும்போது தெரியும்.

நேரம்தான் அதிகம் கவனிக்க வேண்டியது. வாசிக்கத் தொடங்கிய நேரத்திலிருந்து எண்ணாதீர்கள், வரச்சொன்ன நேரத்திலிருந்து எண்ணுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கல்யாணத்தை எடுத்துக்கொள்வோம். இரண்டு நாதஸ்வரம், இரண்டு தவில், நாலு பேர். வரச்சொன்னது 9:30, பேசியது மூன்று மணி நேரம், அதாவது 12:30 வரை. மாப்பிள்ளை வீட்டார் வருவதற்கே 40 நிமிடம் தாமதம். தாலி கட்டி முடிந்ததும் போட்டோ, அப்புறம் "ஊஞ்சலுக்கு மட்டும் கொஞ்சம்". எழுந்திருக்கும்போது மணி 1:45. கூடுதல் 75 நிமிடம். தாளில் "அரை மணிக்கு ஒருவருக்கு 300 ராண்ட், அரை மணியின் எந்தப் பகுதியும் முழு அரை மணி" என்று இருந்தால் அது மூன்று அரை மணி, நாலு பேருக்கு 3,600 ராண்ட். இந்தத் தொகை உதாரணத்துக்குத்தான், உங்கள் விலை உங்களுடையது. ஆனால் இந்த ஒரு வரி இருந்தாலே பாதி வீடுகளில் தாமதம் தானாகக் குறையும்.

ரத்தானால் அவர்கள் எவ்வளவு தர வேண்டும் என்பதையும் படிப்படியாக எழுதுங்கள்: ஒரு மாதத்துக்கு முன் சொன்னால் கால்பங்கு, ஒரு வாரத்துக்குள் பாதி, 48 மணி நேரத்துக்குள் முழுத்தொகை. அட்வான்ஸ் பாதி, மீதி வாத்தியத்தை உறையிலிருந்து எடுக்கும் முன். பேங்க் மாற்றியதாகக் காட்டும் ஸ்கிரீன்ஷாட்டை நம்ப வேண்டாம், அதைப் போலியாகச் செய்ய ஐந்து நிமிடம் போதும். 2023இல் வந்த பேஷாப் என்ற உடனடிப் பணம் அனுப்பும் வழியாகவோ பேங்கின் உடனடி மாற்றமாகவோ கேளுங்கள், உங்கள் கணக்கில் விழுந்த பிறகு பந்தலுக்குள் போங்கள்.

ஒளிப்பதிவுக்கு ஒரு வரி. 1967ஆம் ஆண்டின் கலைஞர் பாதுகாப்புச் சட்டப்படி உங்கள் வாசிப்பைப் பதிவுசெய்யவும் ஒளிபரப்பவும் உங்கள் சம்மதம் வேண்டும். கல்யாண வீட்டு ஆல்பத்துக்குச் சரி, யூடியூப் நேரலைக்கும் விற்பனைக்கும் தனிப்பேச்சு என்று பிரித்து எழுதுங்கள்.

கூலியா, ஒப்பந்தமா

ஒருநாள் கல்யாணத்துக்குப் போகிறவர் ஒப்பந்தக்காரர்தான். ஆனால் கோயிலில் தினமும் இரண்டு வேளை பூஜைக்கு வாசிப்பவரும், ஒரே உணவகத்தில் வெள்ளி, சனி, ஞாயிறு பாடுபவரும் அப்படியல்ல, தாளில் "சுயதொழில் செய்பவர்" என்று எழுதியிருந்தாலும் சரி. தொழிலாளர் உறவுச் சட்டத்தின் 200ஏ பிரிவு ஏழு அடையாளங்கள் சொல்கிறது. எப்படி வேலை செய்ய வேண்டும் என்று அவர்கள் கட்டளையிடுகிறார்களா, நேரத்தை அவர்கள் வைக்கிறார்களா, நீங்கள் அந்த அமைப்பின் ஓர் அங்கமா, கடந்த மூன்று மாதத்தில் மாதம் சராசரி 40 மணி நேரமாவது அவர்களுக்கு வேலை செய்தீர்களா, பிழைப்பு அவர்களை நம்பியா, வாத்தியம் அவர்களுடையதா, அவர்களுக்கு மட்டும்தான் வேலை செய்கிறீர்களா. இதில் ஒன்று பொருந்தினாலே, வருமானம் சட்டம் வைத்த வரம்புக்குள் இருந்தால், நீங்கள் ஊழியர் என்றே எடுத்துக்கொள்ளப்படுவீர்கள். இல்லை என்று நிரூபிப்பது அவர்கள் பாடு. அப்போது விடுப்பு, ஞாயிறு கூலி, ஐந்து மணி நேரம் தொடர்ந்து வேலைக்குப் பின் சாப்பாட்டு இடைவேளை எல்லாம் உரிமை. மூன்று மாதத்துக்கு வந்த நேரம், போன நேரம் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். அந்த நோட்டு இல்லாமல் 40 மணிக் கணக்கை யாரும் நம்பமாட்டார்கள்.

தாளம் போடும் பையனையும் ஒயர் இழுக்கும் பையனையும் மறக்க வேண்டாம். தேசியக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் காசுக்கு வேலை செய்யும் எவரையும் தொழிலாளி என்கிறது. 2025 மார்ச்சில் அந்தக் கூலி மணிக்கு 28.79 ராண்டாக இருந்தது, இன்றைய கணக்கைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரமே வேலை என்றாலும் அன்றைக்கு நாலு மணிக் கூலி (2025 கணக்கில் 115.16 ராண்ட்) தர வேண்டும். இங்கே தருபவர் பெரும்பாலும் நாம்தான். சாப்பாடு போட்டு அனுப்பினோம் என்பது கூலி ஆகாது.

இடத்தைப் போய்ப் பாருங்கள்

பந்தலுக்கோ ஹாலுக்கோ முந்தின நாளே ஒருவர் போய்ப் பார்க்க வேண்டும். தொழில்சார் சுகாதார, பாதுகாப்புச் சட்டத்தின் 9ஆம் பிரிவு, தொழில் நடத்துபவர் தன் ஊழியர் அல்லாதவரையும் ஆபத்தில் விடக்கூடாது என்கிறது. ஆக "நீ என் ஆளில்லை" என்று ஹால்காரர் கைகழுவ முடியாது.

எர்த் லீக்கேஜ் சுவிட்ச் (கரண்ட் கசிந்தால் தானாக விழுந்து இணைப்பைத் துண்டிப்பது) எங்கே என்று கேட்டு, அதிலுள்ள டெஸ்ட் பொத்தானை அழுத்துங்கள். விழவில்லையென்றால் அங்கே மைக்கைத் தொடாதீர்கள். அது 30 மில்லி ஆம்பியரில் விழ வேண்டிய சாமான். ஆம்ப்ளிஃபையரில் ஹம் வருகிறதென்று பிளக்கின் எர்த் முள்ளைக் கழற்றுகிற பழக்கம் இன்னும் ஒழியவில்லை. ஹம் போய்விடும், கூடவே பாடகரின் உதட்டுக்கும் மைக்குக்கும் நடுவே இருந்த பாதுகாப்பும் போய்விடும். எல்லா ஒலிக்கருவியையும் ஒரே பாயிண்ட்டிலிருந்து இழுத்தால் ஹம் பெரும்பாலும் தானாகக் குறையும். ஒரு 16 ஆம்பியர் பாயிண்ட் 230 வோல்டில் 3,680 வாட் தாங்கும். சமையல்காரரின் சூடேற்றியும் அதே பாயிண்ட்டில் இருந்தால் இரண்டாவது பாட்டில் இருட்டுதான். சுற்றிய எக்ஸ்டென்ஷன் ரீலை முழுதும் பிரித்துவிடுங்கள், சுருளோடு விட்டால் சூடேறி உருகும்.

ஜெனரேட்டர் என்றால் இரண்டு கேள்வி. வோல்டேஜ் எவ்வளவு? மல்டிமீட்டர் 207க்கும் 253க்கும் நடுவே காட்ட வேண்டும். வெளியே போனால் கீபோர்டின் பவர் சப்ளை போகும். நியூட்ரலை எர்த்தோடு இணைத்திருக்கிறார்களா? இணைக்காத சின்ன ஜெனரேட்டரில் எர்த் லீக்கேஜ் சுவிட்ச் இருந்தும் விழாது. ஜெனரேட்டரைப் பந்தலுக்குள் வைக்கவே கூடாது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாடை கிடையாது.

காவடிக்கு வேறு கணக்கு. தைப்பூசம் ஜனவரி கடைசியிலோ பிப்ரவரியிலோ வரும், டர்பனில் அது புழுக்கத்தின் உச்சம். வெறுங்காலோடு தார் ரோட்டில், தோளில் தவில். ஒருவருக்கு இருபது நிமிடத்துக்கு ஒரு டம்ளர், ஏறக்குறைய 250 மில்லி தண்ணீர் என்று கணக்கிட்டு, சுமப்பவர் யார் என்பதையும் தாளில் எழுதுங்கள். நாலு மணி நேர ஊர்வலத்துக்கு ஒருவருக்கு மூன்று லிட்டர். இரண்டு தவில்காரருக்கு மூன்றாவதாக ஒருவர் மாற்றாள் வேண்டும், அரை மணிக்கு ஒருமுறை தோள் மாற்ற. வியர்வையில் விரல்கூடு நெகிழ்ந்தால் விரல்நுனி பிளக்கும், ஒரு செட் உபரிக்கூடு பையில் இருக்கட்டும். ஈரக் காற்றில் தோல் தொய்யும்போது வாரை அளவுக்குமேல் இறுக்கி, பிறகு வெயிலில் அது கிழிவதும் அன்றைக்குத்தான் நடக்கும்.

பக்கி வண்டியின் (பின்பக்கம் திறந்த சின்னச் சரக்கு வண்டி) பின்னால் நின்று வாசிக்கச் சொன்னால் அளவுநாடாவை எடுங்கள். சாலைப் போக்குவரத்து விதிப்படி, உட்கார்ந்து போவதற்குச் சுற்றுத்தடுப்பு 350 மில்லிமீட்டர், நிற்பதற்கு 900. சாதாரண பக்கியின் பக்கத்தடுப்பு அந்த உயரம் இருக்காது, அதில் நிற்க முடியாது. உட்கார்ந்து வாசியுங்கள், இல்லையென்றால் இறங்கி நடங்கள்.

இரவு வேலையில் பாடகிகள் இருந்தால் உடை மாற்றப் பூட்டுள்ள அறையும், வீடுவரை வண்டியும் தாளில் வரட்டும். தொல்லை என்றால், 2011ஆம் ஆண்டின் தொல்லைத் தடுப்புச் சட்டப்படி மாஜிஸ்திரேட் கோர்ட்டில் நேராகவே பாதுகாப்பு ஆணை கேட்கலாம். வக்கீல் தேவையில்லை.

காது

எட்டு மணி நேரத்துக்கு 85 டெசிபெல் என்பது எல்லை. அதற்குமேல் மூன்று டெசிபெல் ஏறினால் நேரம் பாதியாகும்: 88இல் நாலு மணி, 91இல் இரண்டு, 94இல் ஒன்று, 97இல் அரை மணி, 100இல் கால்மணி. மூடிய ஹாலில் தவிலுக்குப் பக்கத்தில் போனைக் காதருகே பிடித்து ஒரு கெட்டிமேளத்தை அளந்து பாருங்கள், அதன்பின் யாரும் உங்களுக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஐபோனில் நியாஷ் (NIOSH) ஒலி அளவிச் செயலி இலவசம்.

முதல் மருந்து இடம் மாறுவது. ஸ்பீக்கரைக் குழுவுக்கு முன்னால் வையுங்கள், பின்னால் வேண்டாம். சின்ன ஹாலில் தவிலுக்கு மைக்கே தேவையில்லை. காதடைப்பானில் மஞ்சள் ஸ்பாஞ்ச் வாங்கினால் மேல் சுருதியெல்லாம் போய்விடும், இரண்டு நாளில் தூக்கிப்போடுவீர்கள். எல்லா சுருதியையும் சமமாகக் குறைக்கிற ஃபில்டர் வைத்ததை வாங்குங்கள். நாதஸ்வரக்காரருக்கு ஒரு சங்கடம் உண்டு: காதை அடைத்ததும் சொந்த ஊதல் தாடையெலும்பு வழியாகக் குமுறும். நன்றாக ஆழமாகச் செருகினால் குமுறல் குறையும். தவில் பக்கத்துக் காதில் மட்டும் போட்டு ஒரு வாரம் பழகலாம்.

தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வருகிறவர்கள்

திருவிழாவுக்கு வித்வான்களை வரவழைக்கும்போது இரண்டு பூசல் வழக்கம். ஒன்று, வரி. வெளிநாட்டுக் கலைஞருக்குத் தரும் மொத்தத் தொகையில் 15 விழுக்காட்டைப் பிடித்து வருமானவரித் துறைக்குக் கட்டுவது அழைப்பவரின் கடமை. பேசிய தொகை வரிக்கு முன்பா, பின்பா என்று தாளில் இல்லையென்றால் விமான நிலையத்தில்தான் சண்டை. இரண்டு, பாஸ்போர்ட். "பத்திரமாக இருக்கட்டும்" என்று வாங்கி வைப்பதை ஒப்புக்கொள்ளாதீர்கள். விசாவில் வேலைக்கான அனுமதி எழுதியிருக்கிறதா என்று புறப்படும் முன்பே பாருங்கள். அனுமதி இல்லை என்பதற்காகக் கூலியை ஏப்பம் விட முடியாது. அப்படிப்பட்டவரும் ஊழியரே என்று 2008இல் தொழிலாளர் நீதிமன்றம் சொல்லிவிட்டது.

பணம் வரவில்லையென்றால்

ஊழியர் என்றால் சமரச, நடுவர் ஆணையம், எல்லோரும் சிசிஎம்ஏ என்பதுதான். கட்டணம் இல்லை. நியாயமில்லாமல் வேலையிலிருந்து நீக்கினால் 30 நாளுக்குள் 7.11 படிவம் போட வேண்டும், அதைத் தவறவிட்டுத்தான் பாதிப்பேர் தோற்கிறார்கள்.

ஒப்பந்தக்காரர் என்றால் சிறு உரிமைக்கோரல் நீதிமன்றம். 20,000 ராண்ட் வரை. முதலில் 14 நாள் அவகாசம் தந்து எழுத்தில் கேளுங்கள், பிறகு வழக்கு. அங்கே வக்கீலுக்கு இடமில்லை, நீங்களே பேச வேண்டும். இங்கேதான் தாளில் தனித்தனிப் பெயர் போட்டதற்குப் பலன். இந்தக் கோர்ட்டில் தனிமனிதர் மட்டுமே வழக்குப் போடலாம், பதிவுசெய்த கம்பெனியாக இருக்கிற குழு போட முடியாது. நாலு பேருக்கு 32,000 பாக்கி என்றால் மொத்தமாக எல்லை தாண்டும். தாளில் ஆளுக்கு 8,000 என்று இருந்தால் நாலு பேரும் தனித்தனியாகப் போகலாம். கடன் மூன்று வருடத்தில் காலாவதியாகும், "அடுத்த காவடிக்குச் சேர்த்துத் தருகிறோம்" என்பதை இரண்டு முறைக்குமேல் கேட்காதீர்கள்.

சாம்ரோவில் சேர்ந்தாயிற்று, அதுவே சங்கம்தானே என்று நினைப்பவர் உண்டு. 1961இல் வந்த சாம்ரோ பாட்டு எழுதியவருக்கும் மெட்டமைத்தவருக்கும் பொதுநிகழ்ச்சி உரிமைத்தொகை வசூலிக்கும் அமைப்பு. உங்கள் கல்யாணச் சம்பளத்தை அது கேட்டு வாங்காது. சொந்தப் பாட்டு பாடுகிறவர்கள் நிகழ்ச்சிப் பட்டியலை அதற்கு அனுப்பத் தவறாதீர்கள், அவ்வளவுதான்.

சங்கத்தில் சேரும்போது தொழிலாளர் உறவுப் பதிவாளரிடம் பெற்ற பதிவெண்ணைக் கேளுங்கள். டர்பனின் சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ பத்துப் பேர் சேர்ந்து கிளை தொடங்கினால் முதல் கூட்டத்தில் மூன்று வேலை போதும்: பொதுத் தாளை ஒப்புக்கொள்வது, இரண்டு கையெழுத்து வேண்டும் வங்கிக் கணக்கு திறப்பது, இடம் பார்க்கப் போகிறவரைத் தேர்ந்தெடுப்பது. "இனி எல்லோரும் இதே விலை" என்று மட்டும் தீர்மானம் போட்டுவிடாதீர்கள். ஊழியர்களுக்காகச் சங்கம் பேரம் பேசுவதற்குப் போட்டிச் சட்டத்தில் விலக்கு உண்டு. தனித்தனி ஒப்பந்தக்காரர்கள் கூடி விலை நிர்ணயித்தால் அதே சட்டத்தில் அது குற்றமாகப் பார்க்கப்படலாம். தாளில் விலை இருக்கும் கட்டத்தைக் காலியாக விட்டு, நேரம், தண்ணீர், எர்த் லீக்கேஜ், ரத்து ஆகியவற்றை மட்டும் அச்சடித்துக் கொடுங்கள்.