கல்லை நிறுத்து அணுவை எண்ணுவம்: மூல் கணக்கும் பொருளுள்ள இலக்கங்களும்

மூல் எண்ட உடன கன பிள்ளையள் "திணிவை மூலர்த்திணிவால பிரி" எண்டு பாடமாக்கிப் போட்டு வந்திடுவினம், கேள்வியைக் கொஞ்சம் மாத்திக் கேட்டா பிறகு அப்பிடியே நிண்டிடுவினம். அதால மூல் என்னத்துக்கு எண்டதில இருந்து தொடங்குவம். ஹார்ட்வெயார் கடையில ஆணி கேட்டா ஆரும் எண்ணித் தாறேல்ல, நிறுத்துத் தான் தருவினம், ஒரு ஆணியின்ர நிறை தெரிஞ்சா எத்தினை ஆணி எண்டு பிறகு கணக்குப் பாக்கலாம். அணுவையும் அப்பிடித்தான் எண்ணுறம்.

ஒரு மூல் எண்டால் 6.02214076 × 10²³ துணிக்கை, அணுவோ மூலக்கூறோ எதுவெண்டாலும். முந்தி 12 கிராம் காபன்-12 இல எத்தினை அணு இருக்கோ அதுதான் மூல் எண்டு வைச்சிருந்தவை, 2019 மே 20 இல இருந்து இந்த எண்ணையே நேரா நிலைப்படுத்தியாச்சு. அவகாதரோ 1811 இல சொன்னது வாயுக்களைப் பற்றித்தான், இந்த எண்ணுக்கு அவற்ற பெயரை வைச்சது 1909 இல பெரின் எண்ட பிரெஞ்சு விஞ்ஞானி.

இப்ப ஒரு கணக்கு செய்வம். எங்கட யாழ்ப்பாணக் குடாநாடே சுண்ணாம்புக் கல்லுக்கு மேல தான் இருக்கு, கிணத்துத் தண்ணி கொதிக்க வைக்கிற கேத்தலுக்குள்ள படியிற வெள்ளையும் பெரும்பாலும் அதே கல்சியம் காபனேற்று தான். சுத்தமான கல்சியம் காபனேற்று 25.0 கிராமை நல்லாச் சூடாக்கினா எவ்வளவு கல்சியம் ஒட்சைட்டு, அதுதான் நீறாத சுண்ணாம்பு, வரும்?

படி 1: மூலர்த்திணிவு, அதாவது ஒரு மூல் எத்தினை கிராம் எண்டது. கல்சியம் காபனேற்று எண்டால் CaCO₃. கல்சியம் 40.08, காபன் 12.01, ஒட்சிசன் மூண்டு எண்டபடியா 48.00, கூட்டினா 100.09. ஒட்சிசனை மூண்டால பெருக்க மறக்கிறது தான் கூடுதலா நடக்கிற பிழை.

படி 2: 25.0 ஐ 100.09 ஆல பிரிச்சா 0.249775 மூல். இதை இப்பவே வெட்டாதேங்கோ.

படி 3: சமன்பாடு. ஒரு மூல் காபனேற்று உடைஞ்சா ஒரு மூல் ஒட்சைட்டும் ஒரு மூல் காபனீரொட்சைட்டும் வரும், அதால ஒட்சைட்டும் 0.249775 மூல் தான். மூல் இல்லாமல் கிராமில இருந்து நேரா கிராமுக்குப் பாயேலாது, ஏனெண்டால் சமன்பாடு துணிக்கை எண்ணிக்கையைத் தான் சொல்லுது, நிறையை இல்லை.

படி 4: ஒட்சைட்டின்ர மூலர்த்திணிவு 56.08, பெருக்கினா 14.0074 கிராம்.

விடையை எப்பிடி எழுதுறது? தராசு 25.0 எண்டு மூண்டு இலக்கம் தான் காட்டினது, இப்பிடி அளந்து வந்த இலக்கங்களைத் தான் பொருளுள்ள இலக்கங்கள் எண்டுறது, உங்களுக்கு அதுக்கு மேல தெரியாது, தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி எழுதக்கூடாது. அதால 14.0 கிராம். வெறும் 14 எண்டு எழுதினாலும் சரியில்லை, அந்தக் கடைசிப் பூச்சியமும் அளந்து வந்தது. காபனீரொட்சைட்டையும் இதே மாதிரிப் பாத்தா 11.0 கிராம், ரெண்டையும் கூட்டினா 25.0. இந்தச் சரிபாப்பை ஒரு நாளும் விடாதேங்கோ.

நடுவில வெட்டினா என்ன நடக்கும் எண்டும் பாருங்கோ: 0.249775 ஐ 0.2 எண்டு எடுத்தா விடை 11.2 கிராம், கிட்டத்தட்ட 3 கிராம் சுண்ணாம்பு காணாமல் போகுது! கடைசியில மட்டும் தான் மட்டந்தட்ட வேணும்.

பூச்சிய விதியள் கெதியா: முன்னுக்கு நிக்கிற பூச்சியம் கணக்கில வராது, 0.00250 இல மூண்டு இலக்கம் தான். 1500 எண்டு எழுதினா எத்தினை இலக்கம் எண்டு தெரியாது, 1.50 × 10³ எண்டு எழுதினா மூண்டு எண்டு தெளிவாகும். பெருக்கல் பிரித்தலில இலக்கம் ஆகக் குறைஞ்சது எதுவோ விடைக்கும் அவ்வளவு தான். கூட்டல் கழித்தலில இலக்கத்தை எண்ணாமல் தசமதானத்தைப் பாக்கவேணும், 25.0 உம் 0.482 உம் சேர்ந்தா 25.5. சமன்பாட்டில வாற 2, 3 எல்லாம் எண்ணின எண், அதுகள் விடையின்ர இலக்கத்தைக் குறைக்காது.

ஏ.எல் கெமிஸ்ட்ரி பேப்பருக்குக் கல்குலேட்டர் கிடையாது, அதால வீட்டில செய்யேக்கையும் கையால பிரிச்சுப் பழகுங்கோ. பழக ஒண்டு: ஆனையிறவு உப்பில 2.50 கிராம், முழுக்க சோடியம் குளோரைட்டு எண்டு வையுங்கோ, மூலர்த்திணிவு 58.44, எத்தினை மூல்? 0.0428 வரவேணும், 0.043 வந்தா மூண்டாவது இலக்கத்தை எங்க விட்டனீங்கள் எண்டு திருப்பிப் பாருங்கோ.