சட்டக் கல்லூரியில் சறுக்குவது எங்கே?

ப்ளஸ் டூ முடித்துவிட்டு ஐந்தாண்டு படிப்பில் சேர்பவர்களும் சரி, ஒரு டிகிரியை வாங்கிக்கொண்டு மூன்றாண்டு எல்எல்.பி.க்கு வருபவர்களும் சரி, ஏறக்குறைய ஒரே இடங்களில்தான் சறுக்குகிறார்கள். எழுதியிருப்பதைத் தானே எடுத்துப் படிக்காமல் யாரோ சொன்னதை நம்புவதுதான் இதற்கெல்லாம் வேர் என்பது என் எண்ணம். அது விண்ணப்பம் போடும்போதே ஆரம்பித்துவிடுகிறது.

தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான நுழைவுத் தேர்வான கிளாட் எழுதினால்தான் சட்டம் படிக்க முடியும் என்று நினைத்துப் பயிற்சி மையத்தில் பணம் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். திருச்சியில் உள்ள தமிழ்நாடு தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் போன்றவற்றுக்குத்தான் கிளாட் வேண்டும். தமிழ்நாட்டின் அரசு சட்டக் கல்லூரிகளில் மதிப்பெண் அடிப்படையில்தான் சேர்க்கை. கிளாட்டுக்கே தயாராகிறவர்கள் செய்யும் தவறு வேறு: பொது அறிவுப் புத்தகத்தை மனப்பாடம் செய்வது. 2 மணி நேரம், 120 கேள்வி, தவறான விடைக்குக் கால் மதிப்பெண் கழிவு. கேள்விகள் ஒரு பத்தியைக் கொடுத்து அதிலிருந்து வருகின்றன. தினமும் தலையங்கம் படிக்கிற பழக்கம் இல்லாதவருக்கு நேரம் போதாது.

மூன்றாண்டுப் படிப்புக்கு வருகிறவர்கள், சட்டக் கல்விக்கு விதி வகுக்கும் இந்திய பார் கவுன்சிலின் 2008ஆம் ஆண்டு சட்டக் கல்வி விதிகளை ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும். ப்ளஸ் டூ படிக்காமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாக வாங்கிய டிகிரியை வைத்துச் சட்டம் படிக்க முடியாது. ப்ளஸ் டூ முடித்தபின் அஞ்சல் வழியில் டிகிரி வாங்கியவருக்கு அந்தத் தடை கிடையாது. இந்த வித்தியாசம் தெரியாமல் சேர்ந்துவிட்டு, வழக்கறிஞராகப் பதிவு செய்யப் போகும்போது மாட்டிக்கொள்வது பெரிய கொடுமை. இன்னொன்று, “வகுப்புக்கே வர வேண்டாம், பரீட்சைக்கு வந்தால் போதும்” என்று பக்கத்து மாநிலக் கல்லூரிக்கு ஆள் பிடிக்கும் புரோக்கர்கள். எல்எல்.பி.யை அஞ்சல் வழியில் படிக்க வழியே இல்லை. விதி ஒவ்வொரு பாடத்துக்கும் 70 சதவீத வருகையைக் கேட்கிறது. புரோக்கர் பேச்சை நம்பிப் பணம் கட்டுகிறவர், பின்னால் கேள்வி வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் தான்தான் என்பதை மறந்துவிடுகிறார்.

சரி, சேர்ந்தாயிற்று. முதல் செமஸ்டரிலேயே கடையில் கைடு வாங்குகிறார்கள். கைடு கூடாது என்று நான் சொல்லவில்லை. கைடு மட்டும் கூடாது. சட்டத்தின் வாசகம் மட்டும் இருக்கும் பேர் ஆக்ட் பக்கத்தில் இல்லாமல் எந்தப் பாடத்தையும் தொடக் கூடாது. கைடு ஒரு பிரிவை மூன்று வரியில் சுருக்கும்போது முதலில் உதிர்வது காப்புரையும் (விதிவிலக்குச் சொல்லும் ‘புரொவைசோ’) விளக்கமும்தான். வழக்குகள் பெரும்பாலும் அங்கேதான் பிறக்கின்றன. பழைய கைடாக இருந்துவிட்டால் இன்னும் ஆபத்து. இந்திய தண்டனைச் சட்டத்தில் 2018இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்த 497ஆம் பிரிவை, அதாவது பிறன்மனைக் குற்றத்தை, இன்னும் நடப்புச் சட்டம் போலப் படித்துக்கொண்டிருப்பார்கள். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. சினிமா சொல்லிக்கொடுத்த கொலைக்கான 302 இப்போது 103, மோசடிக்கான 420 இப்போது 318(4). அதற்காகப் பழையதைத் தூக்கிப் போட்டுவிடவும் கூடாது. அந்தத் தேதிக்கு முன் நடந்த குற்றத்துக்குப் பழைய தண்டனைச் சட்டம்தான் பொருந்தும். இன்னும் பல வருடங்களுக்கு இரண்டும் நீதிமன்றத்தில் புழங்கும்.

மதிப்பெண் அதிகம் போவது, ஒரு சம்பவத்தைக் கொடுத்துத் தீர்வு கேட்கும் பிரச்சினைக் கேள்விகளில். ஓர் உதாரணம்: 17 வயதுப் பையன் ஒருவன், தனக்கு 20 வயது என்று பொய் சொல்லி 50,000 ரூபாய் கடன் வாங்கி பைக் வாங்கிவிட்டான். கடன் கொடுத்தவர் என்ன செய்யலாம்?

பெரும்பாலான விடைத்தாள்களில் ஒப்பந்தம் என்றால் என்ன என்று ஒரு பக்கம், 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் வரலாறு அரைப் பக்கம், பிறகு மைனரின் ஒப்பந்தம் பற்றிய மோஹோரி பீபி வழக்கின் பெயர், ‘எனவே ஒப்பந்தம் செல்லாது’. முடிந்தது. பையன் பொய் சொன்னான் என்பதைத் தொடவே இல்லை. கேள்வியின் உயிரே அங்கேதான் இருக்கிறது. மோஹோரி பீபி வழக்கில் கடன் கொடுத்தவரின் ஏஜெண்டுக்குக் கடன் வாங்கியவர் மைனர் என்பது தெரிந்திருந்தது. அதனால் பொய்யை நம்பி ஏமாந்தேன் என்ற வாதத்துக்கு அங்கே இடமே இல்லை. நம் கேள்வியில் கதை வேறு. ஆகவே எழுத வேண்டிய வரிசை இது: ஒப்பந்தச் சட்டத்தின் 11ஆம் பிரிவின்படி மைனருக்கு ஒப்பந்தம் செய்யும் தகுதி இல்லை. அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் மோஹோரி பீபி வழக்கில் 1903இல் சொன்னபடி அது ஆரம்பத்திலிருந்தே செல்லாது. பொய் சொன்னதால் மட்டும் அது செல்லுபடியாகிவிடாது. பைக் அத்தியாவசியம் என்று காட்ட முடிந்தால் 68ஆம் பிரிவின்படி மைனரின் சொத்திலிருந்து கேட்கலாம். இல்லாவிட்டால் 1963ஆம் ஆண்டு குறித்தவகை நிவாரணச் சட்டத்தின் 33ஆம் பிரிவு இருக்கிறது. பையன் அடைந்த பலன் அளவுக்குத் திருப்பித் தரச் சொல்ல நீதிமன்றத்துக்கு அதில் அதிகாரம் உண்டு. இதை ஒன்றரைப் பக்கத்தில் எழுதலாம். பக்கத்துக்கு மார்க் என்ற நம்பிக்கையைப் பள்ளிக்கூடத்தோடு விட்டுவிடுவது நல்லது.

மோஹோரி பீபியின் ஏஜெண்ட் பற்றித் தெரிய வேண்டுமானால் தீர்ப்பைப் படித்திருக்க வேண்டும். எல்லாத் தீர்ப்பையும் முழுதாகப் படிக்க யாராலும் முடியாது. அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பைப் பற்றிய கேசவானந்த பாரதி வழக்கில் 13 நீதிபதிகள் அமர்ந்தார்கள், 7க்கு 6 என்று தீர்ந்தது. அதை முதல் வருடத்தில் முழுதாகப் படிக்க உட்காருவதும் ஒரு தவறுதான். பாடத்துக்கு இரண்டு மூன்று தீர்ப்பு போதும். சம்பவம் என்ன, கேள்வி என்ன, முடிவு என்ன, காரணம் என்ன என்று சொந்த வாக்கியத்தில் ஒரு பக்கம் எழுதி வைக்க வேண்டும். அப்புறம், அந்தத் தீர்ப்பு இன்னும் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். சென்னை மாகாண அரசு சிறையில் வைத்த ஏ.கே. கோபாலனின் 1950ஆம் ஆண்டு வழக்கை, உயிருக்கும் தனிமனித சுதந்திரத்துக்கும் பாதுகாப்புத் தரும் 21ஆம் ஷரத்துக்கு மேற்கோள் காட்டிவிட்டு, அந்தப் பார்வையை மாற்றிய 1978இன் மேனகா காந்தி தீர்ப்பை எழுதாமல் விட்டால் பாதி விடைதான். உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் இ-எஸ்.சி.ஆர். தளத்திலும், மத்தியச் சட்டங்கள் இந்தியா கோட் தளத்திலும் இலவசமாகக் கிடைக்கின்றன.

ஆங்கிலம் பற்றிய பயத்துக்கு இரண்டு பக்கம் உண்டு. தமிழ் வழியில் படித்து வந்தவர்கள் ஆங்கிலத் தீர்ப்பைத் தள்ளிப்போட்டுக்கொண்டே போகிறார்கள். உயர் நீதிமன்றத்தின் மொழி ஆங்கிலம்தான் என்பதால் ஒருநாள் அது கழுத்தைப் பிடிக்கும். தினம் இரண்டு பக்கம் என்று இப்போதே தொடங்குவது மேல். ஆங்கில வழியில் வந்தவர்களோ கிரயப் பத்திரம், வில்லங்கச் சான்று, சிட்டா, அடங்கல் எதையும் படிக்கத் தெரியாமல் வெளியே வருகிறார்கள். கட்சிக்காரர் கொண்டுவந்து வைப்பது அவற்றைத்தான். பழைய பத்திரத்தில் நான்கெல்லையைக் கண்டுபிடிக்கத் தெரியாத ஜூனியரை எந்த சீனியரும் நீண்ட நாள் பொறுத்துக்கொள்ள மாட்டார்.

இன்டர்ன்ஷிப்பில் நடப்பது வேடிக்கை. மூன்றாண்டு மாணவருக்கு 12 வாரம், ஐந்தாண்டு மாணவருக்கு 20 வாரம் என்று விதி இருக்கிறது. மாமாவுக்குத் தெரிந்த வக்கீலிடம் சான்றிதழை மட்டும் வாங்கி வந்துவிடுகிறார்கள். அந்த வாரங்களில் ஊரில் உள்ள முன்சீப் கோர்ட்டில் போய் உட்கார்ந்தாலே குறுக்கு விசாரணை எப்படித் திசை மாறுகிறது, எதற்கெல்லாம் வாய்தா கேட்கிறார்கள் என்று புரிந்துவிடும். குமாஸ்தாவிடம் சிநேகமாக இருங்கள். கேஸ் கட்டில் எந்தக் காகிதம் எங்கே இருக்கும் என்பதை அவரைவிட நன்றாகச் சொல்லிக்கொடுக்க ஆள் கிடையாது.

கல்லூரி முடிந்த கையோடு சிவில் நீதிபதித் தேர்வுக்கு உட்கார்ந்துவிடலாம் என்ற கணக்கில் படிப்பவர்கள், உச்ச நீதிமன்றத்தின் 2025 மே 20 தீர்ப்பைத் தேடிப் பார்க்கட்டும். மூன்று வருட வழக்கறிஞர் அனுபவம் வேண்டும் என்றது அது. அதற்கு முன், வழக்கறிஞராகத் தொழில் செய்யத் தேற வேண்டிய அகில இந்திய பார் தேர்வு இருக்கிறது. குறிப்பு எழுதாத பேர் ஆக்டை உள்ளே எடுத்துப் போகலாம் என்பதால் எளிது என்கிறார்கள். கல்லூரி முழுக்க அதைத் திறக்காதவருக்குப் பரீட்சை அறையில் பக்கம் புரட்டவே நேரம் போய்விடுகிறது.