கோல்ஃப் வீச்சு: புதிதாகப் பழகுவோர் முதலில் சரிசெய்ய வேண்டியவை

கைவலிமைதான் பந்தைத் தொலைவுக்கு அனுப்புகிறது என்றெண்ணிப் புதியவர்கள் பலர் மட்டையை இறுகப் பற்றுகிறார்கள். அந்த இறுக்கமே மணிக்கட்டின் அசைவைத் தடுத்து வேகத்தைக் கெடுத்துவிடுகிறது. ஆகவே பிடியிலிருந்தே தொடங்குங்கள். வலக்கைக்காரர் இடக்கையை மேலே வைத்து, கைப்பிடி உள்ளங்கையில் புதையாமல் விரல்களின் அடிப்பகுதியில் குறுக்காகப் படியுமாறு பற்றிவிட்டுக் கீழே பார்த்தால், இடக்கையின் இரண்டு விரல் முட்டிகளாவது கண்ணில் பட வேண்டும். வலக்கை அதன் கீழே, இடக்கட்டைவிரலை மூடியவாறு அமையும்.

பழகுவதற்கு 7ஆம் எண் அயர்ன் (உலோகத் தலையுள்ள, நடுத்தர நீள) மட்டையே ஏற்றது என்பேன். பாதங்களைத் தோளகலம் விரித்து, முழங்கால்களைச் சற்றே தளர்த்தி, முதுகை வளைக்காமல் இடுப்பிலிருந்து குனியுங்கள். பந்து ஏறக்குறைய நடுவில் இருக்கட்டும்.

மட்டையைப் பின்னே உயர்த்துகையில் தோள்கள் ஏறத்தாழ 90 பாகையும் இடுப்பு அதில் பாதியும் திரும்ப, எடை வலக்காலுக்கு மாறும். இறங்கும்போது கைகளுக்கு முன்பே இடுப்பு இலக்கை நோக்கித் திரும்பத் தொடங்க வேண்டும். இதுவே மிகக் கடினமான பகுதி என்பதால், அரை வீச்சில், மெதுவாக, பந்தில்லாமல் பலமுறை செய்து பாருங்கள். மட்டை முதலில் பந்தையும் பிறகே தரையையும் தொட வேண்டும். பந்துக்குப் பின்னால் மண் பெயர்ந்திருந்தால், பெரும்பாலும் எடை இடக்காலுக்கு மாறாமல் வலக்காலிலேயே தங்கிவிட்டது என்று பொருள்.