முகம் தெளிந்தாலும் கால் தேறியிருக்காது: பி12 குறைந்த துணையைப் பார்த்துக்கொள்வதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வைட்டமின் பி12 குறைந்தவருக்கு ஊசி போட ஆரம்பித்தால் முதலில் தேறுவது ரத்தம்தான். ஒரு வாரத்திலேயே புதுச் சிவப்பணுக்கள் பெருகத் தொடங்கும். சுமார் 2 மாதத்தில் ஹீமோகுளோபின் பழைய அளவுக்கு வந்துவிடும். முகத்தில் களை திரும்பும், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்காது. நரம்பு அப்படி இல்லை. பாத மதமதப்பும் நடைத் தள்ளாட்டமும் மறதியும் குறைய மாதக்கணக்கில் ஆகும், சிலருக்கு ஒரு வருடம்கூடப் பிடிக்கும். ரொம்ப நாள் கவனிக்காமல் விட்டிருந்தால் கொஞ்சம் அப்படியே தங்கியும்விடும். முகத்தைப் பார்த்து ‘சரியாயிடுச்சு’ என்று வீட்டில் முடிவு கட்டுவதிலிருந்துதான் பாதித் தவறுகள் கிளம்புகின்றன.

மீதித் தவறுகள் அதற்கு முன்பே ஆரம்பிக்கும். ‘கை கால் மரத்துப் போகுது’ என்று மெடிக்கலில் சொல்லிச் சத்து மாத்திரை வாங்கி வருவது நம் ஊர் வழக்கம். அதில் ஒரு ஆபத்து உண்டு. பி12 குறைந்தவர் அந்த மாதிரி மாத்திரையில் வரும் ஃபோலிக் ஆசிட் என்ற வைட்டமினை மட்டும் சாப்பிட்டால் ரத்தசோகை சரியாகிவிடும், உள்ளே நரம்பு கெட்டுக்கொண்டே இருக்கும். அதேபோல ஊசி போட்ட பிறகு ரத்தப் பரிசோதனைக்குப் போனால் அளவு ஏறித்தான் காட்டும், குறை இருந்ததா என்பதே தெரியாமல் போகும். ஊசிக்கு முன்பே பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட வேண்டும். கால் தள்ளாடுகிறது என்றால் முடிவு வரும்வரை காத்திருக்காமல் அன்றே மருத்துவர் ஊசியை ஆரம்பிக்கலாம்.

ஏன் குறைந்தது என்று கேட்காமல் வருவது அடுத்தது. சர்க்கரைக்கு வருடக்கணக்கில் மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்கள், நெஞ்செரிச்சலுக்குப் பான்டோபிரசோல் மாதிரி மாத்திரையை நிறுத்தாமல் போடுகிறவர்கள், சுத்த சைவம், வயிற்றில் அறுவை சிகிச்சை ஆனவர்கள் என்று காரணங்கள் பல. சிலருக்குப் பி12-ஐ உறிஞ்ச உதவும் புரதம் வயிற்றில் சுரப்பதே இல்லை. அவர்களுக்குச் சிகிச்சை ஆயுள் முழுக்கத் தொடரும். ஆகவே வீட்டில் இருக்கிற அத்தனை மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். மெட்ஃபார்மினை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

சாப்பாட்டு விஷயத்தில் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். முருங்கைக்கீரை, பீட்ரூட், பேரீச்சை எதிலும் பி12 கிடையாது. ஜவ்வரிசிக்குப் பேர்போன சேலத்துக்காரர்களான நாம் நோயாளி என்றதும் ஜவ்வரிசிக் கஞ்சி காய்ச்சுவோம். அது முழுக்க மாவுச்சத்து. பால், தயிர், முட்டை, மீன், கறி, ஈரல் இவற்றில்தான் பி12 இருக்கிறது. ஆனால் பிறந்ததிலிருந்து சைவமாக இருக்கும் மனைவியைக் கறி தின்னச் சொல்லி மாமியாரும் கணவரும் சேர்ந்து வற்புறுத்துவது தேவையில்லாத கொடுமை. அந்த வேலையை மாத்திரையும் ஊசியும் செய்துவிடும்.

வேலைக்குத் திரும்பும் விஷயத்தில்தான் அதிகம் சறுக்குகிறார்கள். ‘போலாமா?’ என்று மருத்துவரிடம் பொதுவாகக் கேட்டால் ‘போலாம்’ என்றுதான் பதில் வரும். என்ன வேலை, எத்தனை மணி நேரம் நிற்க வேண்டும், எப்படிப் போய்வருகிறார் என்று சொல்லிக் கேட்க வேண்டும். செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறையில் நெருப்பில் வெள்ளியைப் பற்றவைத்து ஒட்டுகிறவருக்கு விரல் மரத்திருந்தால் சுட்டது தெரிவதற்குள் கொப்புளம் வந்துவிடும். அம்மாபேட்டையில் தறி மிதிப்பவருக்குக் கால் எங்கே இருக்கிறது என்பதே பிடிபடாது. சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குத் தினமும் பைக்கில் போய்வருகிறவர் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் பின்பிரேக்கை எவ்வளவு அழுத்துகிறோம் என்பதைப் பாதத்தால்தான் உணர வேண்டும். அந்த உணர்வு திரும்பும்வரை பஸ்தான். கல்லாவில் உட்காரும் வேலை என்றால் இவ்வளவு யோசிக்க வேண்டாம், மறதி இருந்தால் பணக்கணக்கை மட்டும் இன்னொருவர் ஒருமுறை சரிபார்க்கட்டும்.

வீட்டிலேயே ஒன்றைப் பார்க்கலாம். முகம் கழுவக் கண்ணை மூடும்போது ஆள் ஆடுகிறாரா? இருட்டில் சுவரைப் பிடிக்கிறாரா? கால் தரும் சேதி குறையும்போது கண்தான் சமாளிக்கும். கண்ணை மூடினால் உண்மை தெரிந்துவிடும். அப்படி ஆடுகிறவரை நைட் ஷிப்டுக்கு அனுப்பாதீர்கள். ராத்திரி பாத்ரூம் விளக்கை அணைக்காதீர்கள், வெந்நீரை நீங்கள் கை வைத்துப் பார்த்துவிட்டு ஊற்றச் சொல்லுங்கள்.

பணக் கவலையில்தான் பலர் அவசரப்பட்டுக் கிளம்புகிறார்கள். இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீடு உள்ளவருக்கு, மருத்துவச் சான்று இருந்தால், ஓராண்டில் 91 நாள் வரை சராசரிக் கூலியில் 70 சதவீதம் கிடைக்கும். அதற்குரிய 6 மாதக் கணக்கில் 78 நாளுக்காவது சந்தா கட்டியிருக்க வேண்டும். தனியார் டாக்டரிடம் மட்டும் காட்டிவிட்டு, சம்பளம் பிடித்த பிறகு இ.எஸ்.ஐ. மருந்தகத்தைத் தேடுவது வீண் அலைச்சல். படுத்த முதல் நாளே அங்கே காட்டிவிடுங்கள்.

எரிச்சலும் அழுகையும் மந்தமும் இந்தக் குறைபாட்டின் அறிகுறிகளாகவே வரலாம். ‘ஊசி போட்டும் சும்மா படுத்திருக்கே’ என்று சொல்லிக் காட்டுவதைப் போல ஒருவரை ஒடுக்கும் பேச்சு வேறில்லை. இன்னொரு பக்கம், எல்லா வேலையையும் பிடுங்கிக்கொண்டு, டாக்டர் கேட்கும் கேள்விக்கும் நீங்களே பதில் சொல்வதும் தப்பு. பாதம் எப்படி இருக்கிறது என்பது அவருக்குத்தான் தெரியும்.

வேலைக்குப் போன தெம்பில் ஊசியை விடுகிறவர்கள் நிறைய. முதலில் அடுத்தடுத்துப் போடுவார்கள், பிறகு இடைவெளி கூடும், அந்த நேரத்தில்தான் தேதி மறக்கும். காலண்டரில் நீங்கள் குறித்து வையுங்கள். ரிப்போர்ட்டில் அளவு ஏறியிருக்கிறது என்று நிறுத்தவும் வேண்டாம். ஊசி போட்டால் அது ஏறத்தான் செய்யும், நரம்பு தேறியதற்கு அது சாட்சி இல்லை. பாதத்தில் இருந்த மதமதப்பு முட்டியை நோக்கி ஏறினாலோ, கீழே விழுந்தாலோ, சிறுநீர் கழிக்கச் சிரமப்பட்டாலோ, பார்வை மங்கினாலோ அடுத்த ஊசித் தேதிவரை பொறுக்காதீர்கள். லீவு சொல்லிவிட்டு அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.