கார்ப்பெட்டில் காய்ந்த பெயின்ட்டை எடுக்க

காய்ந்த பெயின்ட்டை எடுத்த எடுப்பிலேயே ஈரத்துணியால் தேய்க்காதீர்கள். முதலில் மழுங்கிய கத்தியால் மேலாகச் சுரண்டி, உதிர்ந்த தூளை வாக்குவம் கிளீனரால் எடுத்துவிடுங்கள்.

தண்ணீரில் கலக்கும் எமல்ஷன் பெயின்ட் என்றால் சுலபம். வெந்நீரில் பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டு கலந்து, நனைத்த துணியைக் கறைமேல் 5 நிமிடம் வையுங்கள். இளகியதும் சுரண்டி, ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒற்றி எடுங்கள். கம்பளி கார்ப்பெட்டுக்கு வெந்நீர் ஆகாது; வெதுவெதுப்பான நீரே போதும்.

எண்ணெய் கலந்த எனாமல் பெயின்ட்டுக்குத் தண்ணீர் உதவாது, டர்பன்டைன்தான் வேண்டும். அதைத் துணியில் தொட்டு மட்டுமே ஒற்றுங்கள். நேராக ஊற்றினால் அடியில் இருக்கும் பசை கரைந்து கார்ப்பெட்டே பிரிந்துவரக்கூடும்! ஜன்னலைத் திறந்து வையுங்கள், அருகில் நெருப்பு கூடவே கூடாது. அப்புறம், எதையும் முதலில் கண்ணில் படாத ஒரு மூலையில் தடவி, சாயம் போகிறதா என்று பார்த்துவிடுங்கள்.