பள்ளி விவசாய மன்றத்தில் சேரணுமா?

ஜூனில் பள்ளி திறந்ததும் பொறுப்பாசிரியரைப் போய்ப் பாருங்கள். எங்கள் அம்பாசமுத்திரம் பக்கம் அது கார் பருவ நெல் சாகுபடி தொடங்கும் சமயம். தள்ளிப்போட்டால் நாற்றங்கால் வேலை முடிந்துவிடும். வெள்ளைத்தாளில் பெயர், வகுப்பு, வீட்டுப் பெரியவர் கையெழுத்து. அவ்வளவுதான் விண்ணப்பம். சொந்த நிலம் வேண்டியதில்லை. பீடி சுற்றும் வீட்டுப் பிள்ளைகள் நாற்றைப் பிரிக்கிற வேகத்தைப் பார்க்கணுமே!

நான் பொறுப்பாசிரியராக இருக்கும் மன்றத்தில் முதல் வேலை விதைத் தேர்வு. வாளித் தண்ணீரில் கல்லுப்பைக் கரைத்துக்கொண்டே வாருங்கள். உள்ளே போட்ட முட்டை மிதந்து, மேலே பழைய நாலணாக் காசு அளவு தெரிந்தால் சரி. அதில் அம்பை 16 ரக விதைநெல்லைக் கொட்டினால், உள்ளே அரிசி பிடிக்காத பதர் மேலே வரும். அதை அள்ளிவிட்டு, மூழ்கியதை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தடவை அலசுங்கள். உப்பு ஒட்டியிருந்தால் முளைப்பு கெடும்.

தலைவராக ஆசையா? முதலில் பதிவேடு எழுதுங்கள்: என்று விதைத்தோம், என்று தண்ணீர் பாய்ச்சினோம், யார் வரவில்லை. மைக் பிடிப்பது அப்புறம். கிள்ளிகுளம் வேளாண் கல்லூரிக்குக் கூட்டிப்போனால், பதிவேடு எழுதினவன்தான் உருப்படியாகக் கேள்வி கேட்கிறான்.

சனிக்கிழமை பழைய சட்டையோடு வாருங்கள். சீருடையில் வந்தால் வயலில் இறங்க விடமாட்டேன்.